நீல அச்சுக்குத் தாளைப் பதப்படுத்தலும் பூச்சிடலும்: திருத்தணி வட்டாரச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சயனோடைப் எனப்படும் நீல அச்சு, வெள்ளி உப்பு இன்றி இரும்பு உப்புகளைக் கொண்டு தாளில் படம் பதிக்கும் முறையாகும். 1842ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இம்முறை, பின்னாளில் ‘புளூபிரிண்ட்’ என்னும் பெயரில் பொறியியல் வரைபடங்களைப் படியெடுக்கும் வழியாயிற்று. இதன் தரமும் ஆயுளும் வேதிக்கரைசலைக் காட்டிலும் தாளின் பதத்தையே பெரிதும் சார்ந்துள்ளன. தாள் தேர்வு, அமிலப் பதம், பசையேற்றம், பூச்சு, கழுவல் ஆகிய படிநிலைகளைத் திருத்தணி வட்டாரத்தின் வெயில், ஈரம், நீர், நெசவு மரபு ஆகியவற்றோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது. பிற பழந்தாள்களைக் காக்கும் காரப் பதம் நீல அச்சை அழித்துவிடும் என்பதையும், அதனால் ஆவணக் காப்பில் பின்பற்ற வேண்டிய நெறிகளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நீல அச்சு, சயனோடைப், பிரஷ்ய நீலம், பசையேற்றம், திருத்தணி, ஆவணக் காப்பு.

1. முன்னுரை

இருப்புப்பாதை, பாலம், ஏரி மதகு, அரசுக் கட்டடம் ஆகியவற்றின் வரலாற்றை ஆராய்வோர் பழைய கோப்புகளில் நீலப் பின்புலத்தில் வெண்கோடுகளால் அமைந்த வரைபடங்களைக் காண்பதுண்டு. அவற்றில் உள்ள அளவுகளும் ஒப்பங்களும் தரவுகளாகக் கொள்ளப்படுகின்றன. அத்தாள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஓலைச்சுவடியைக் கையாள்பவர் ஓலையைப் பதப்படுத்தும் முறையை அறிந்திருப்பது எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது நீல அச்சைக் கையாள்பவர் அதன் தாளைப் பதப்படுத்தும் முறையை அறிந்திருப்பது. செய்முறையை அறியாத நிலையில் மேற்கொள்ளப்படும் காப்பு முயற்சியே அழிவுக்கு வழிவகுக்கும் என்பது இவ்வகை ஆவணத்தின் தனித்தன்மையாகும்.

இன்று நீல அச்சு ஒரு கலைமுறையாகவும் கல்லூரிச் செய்முறைப் பயிற்சியாகவும் மீண்டும் வழக்கிற்கு வந்துள்ளது. இதற்கான கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சூழலில் எழுதப்பட்டவை. அவற்றில் குறிக்கப்படும் உலரும் நேரம், வெயில் நேரம், கழுவும் நீரின் தன்மை ஆகியவை தமிழகத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே, ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தை முன்வைத்து இம்முறையை விளக்குவது பயனுடையதாகும்.

2. நீல அச்சின் வரலாறும் திருத்தணி வட்டாரமும்

ஆங்கில வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல், இரும்பு உப்புகளின் ஒளியுணர்வு குறித்த தம் ஆய்வை 1842இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் அளித்தார். ‘சயனோடைப்’ என்னும் பெயரும் அவர் இட்டதே. கருநீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்னும் தாவரவியலாளர் கடற்பாசிகளைத் தாளின்மேல் நேரடியாக வைத்து எடுத்த நீல அச்சுகளைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். 1870களில் பாரிசிலிருந்து முன்பூச்சிட்ட தாள் விற்பனைக்கு வந்தபின், இம்முறை கலைக்கூடத்தை விட்டு வரைபட அறைக்குள் நுழைந்தது. ஒளிபுகும் தாளிலோ துணியிலோ மையால் வரைந்த மூலத்தை நீலத்தாளின்மேல் வைத்து வெயில் காட்டி, நீரில் கழுவினால் படி கிடைத்துவிடும். கையால் படியெடுக்கும் வரைவாளரின் உழைப்பும், படியெடுக்கையில் நேரும் பிழைகளும் இதனால் குறைந்தன.

இந்திய நில அளவைத் துறையில் இம்முறைக்கு வேறொரு பயனும் இருந்தது. கள வரைபடத்தை வெளிர்நீலப் படியாக எடுத்து, அதன்மேல் கருமையால் செப்பமாகக் கோடிட்டு, மீண்டும் நிழற்படம் எடுப்பர். அக்காலத்து நிழற்படத் தகடுகளில் நீலம் பதியாது. எனவே, கருங்கோடுகள் மட்டுமே அச்சுக்குச் செல்லும். ஆக, நீல அச்சு இறுதி ஆவணமாகவும் இடைநிலைப் படியாகவும் பயன்பட்டுள்ளது.

1920களில் செருமனியில் உருவான டையசோ முறை, நாளடைவில் நீல அச்சின் இடத்தைப் பிடித்தது. அம்மோனியா ஆவியால் படம் தோன்றச் செய்யும் அம்முறையில் வெளிர் பின்புலத்தில் நீல அல்லது கருங்கோடுகள் அமையும். எனினும், ‘புளூபிரிண்ட்’ என்னும் பெயர் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. கட்டட வரைபடம் எவ்வகைத் தாளில் இருப்பினும் அப்பெயராலேயே சுட்டப்படுகிறது. ஆவணப் பட்டியல்களிலும் இம்மயக்கம் நுழைய வாய்ப்புண்டு.

திருத்தணி இவ்விளக்கத்துக்குப் பொருத்தமான இடமாக அமைவதற்குக் காரணங்கள் உள. சென்னையையும் பம்பாயையும் இணைக்கும் இருப்புப்பாதை அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா நோக்கித் திருத்தணி வழியாகச் செல்கிறது. அப்பாதை 1871இல் ரெய்ச்சூரில் முழுமையாக இணைந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனுள் அமைந்தது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. நீல அச்சு பெருவழக்காக இருந்த காலம், 1870கள் முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையாகும். இவ்வட்டாரம் வட ஆர்க்காட்டிலும் சித்தூரிலும் இருந்த காலமும் அதுவே. எனவே, இப்பகுதியின் பொறியியல் வரைபடங்களைத் தேடும் ஆய்வாளர் இரு மாநில அலுவலகங்களையும் நாட வேண்டியவராகிறார். இரண்டிலும் அவர் கையாளவிருப்பவற்றுள் நீல அச்சும் அடங்கும்.

3. வேதியியல் அடிப்படை

தாளில் பூசப்படும் கரைசலில் இரு உப்புகள் உள. ஒன்று ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். மற்றொன்று பொட்டாசியம் ஃபெரிசயனைடு. முன்னது ஒளியுணர்வு உடையது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிரும் நீலக்கதிரும் படும்போது அதிலுள்ள ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாகக் குறைகிறது. அவ்வாறு தோன்றிய ஃபெரஸ் இரும்பு ஃபெரிசயனைடுடன் வினைபுரிந்து பிரஷ்ய நீலத்தை உண்டாக்குகிறது. இந்நிறமி நீரில் கரையாது. தாளின் இழைகளுக்குள்ளேயே தங்கிவிடும். ஒளிபடாத இடத்தில் உள்ள உப்புகள் நீரில் கரைந்து வெளியேற, அங்குத் தாளின் வெண்மை வெளிப்படுகிறது.

இவ்விளக்கத்திலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். முதலாவது, நீல அச்சில் படத்தைத் தாங்கும் தனிப்படலம் இல்லை. வெள்ளி நிழற்படத்தில் ஊன்பசைப் படலம் படத்தைத் தாங்குகிறது. நீல அச்சில் தாளே படத்தைத் தாங்குகிறது. தாளின் குறை அப்படியே படத்தின் குறையாகும். இரண்டாவது, பிரஷ்ய நீலம் அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. காரத்தில் அது சிதைந்து, மஞ்சள் பழுப்பான இரும்பு ஹைட்ராக்சைடாகவும் கரையும் ஃபெரோசயனைடாகவும் பிரிந்துவிடும். தாளில் உள்ள காரம், கழுவும் நீரில் உள்ள காரம், பின்னாளில் உறையாக வரும் தாளின் காரம் என எவ்வழியில் காரம் வந்தாலும் விளைவு ஒன்றே.

‘சயனைடு’ என்னும் பெயர் அச்சம் தருவதாயினும், பொட்டாசியம் ஃபெரிசயனைடில் சயனைடு இரும்புடன் இறுகப் பிணைந்திருப்பதால் அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆனால், வலிமையான அமிலத்துடன் சேர்த்தாலோ சூடாக்கினாலோ நச்சு வளி வெளிப்படும். எனவே, கையுறை, காற்றோட்டம், உணவுக் கலங்களிலிருந்து விலக்கிய கலங்கள் ஆகியவை கட்டாயமாகும்.

4. தாள் தேர்வும் அமிலப் பதமும்

நீல அச்சுக்கு உகந்த தாள் நான்கு இயல்புகளை உடையதாக இருத்தல் வேண்டும். பருத்திக் கூழால் ஆனதாக இருத்தல், நனைந்த நிலையிலும் கிழியாத வலிமை பெற்றிருத்தல், சுண்ணாம்புச் சேர்க்கை இல்லாதிருத்தல், அளவான பசையேற்றம் பெற்றிருத்தல் என்பன அவை. சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள் பயிற்சிக்கு ஏற்றது.

மூன்றாம் இயல்பே இன்று பெருஞ்சிக்கலாக உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுத்தாள், படித்தாள் உற்பத்தி பெருமளவில் அமில முறையிலிருந்து கார முறைக்கு மாறியது. தாள் பழுப்பேறி நொறுங்குவதைத் தடுக்கவும் வெண்மையைக் கூட்டவும் கால்சியம் கார்பனேட் சேர்க்கப்படுகிறது. ‘அமிலமற்றது’ என்னும் முத்திரையுடன் ஓவியக் கடைகளில் கிடைக்கும் தாள்கள் பலவும் இத்தகையன. நூலுக்கு நன்மை தரும் இச்சேர்க்கை நீல அச்சுக்குத் தீங்காகிறது. பூச்சிட்டவுடன் கரைசல் நிறம் மாறும்; படம் வெளிறும்; கழுவும்போது நீலம் கரையும்; தப்பிப் பிழைத்த படமும் நாளடைவில் மஞ்சளிக்கும்.

தாளில் சுண்ணாம்பு உள்ளதா என்பதை எளிதில் அறியலாம். ஓரத்துண்டு ஒன்றின்மேல் நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் நுண்குமிழிகள் எழும். குமிழி எழுந்தால் அத்தாளைத் தவிர்க்க வேண்டும்; அல்லது அமிலப் பதம் செய்ய வேண்டும். இதற்குச் சல்பமிக் அமிலத்தின் 10 விழுக்காட்டுக் கரைசல் பயன்படுகிறது. குமிழி அடங்கும் வரை தாளை அதில் ஊறவைத்து, பின் தூய நீரில் அலசி உலர்த்துவர். சிட்ரிக், ஆக்சாலிக் அமிலங்களை விடுத்து இதனைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. கால்சியம் ஆக்சலேட்டு நீரில் கரையாது. கால்சியம் சிட்ரேட்டு அரிதாகவே கரையும். இவை இழைகளுக்கிடையே தங்கிவிடும். கால்சியம் சல்பமேட்டோ கரைந்து நீருடன் வெளியேறிவிடும்.

கைவினைத் தாள்களில் பருத்தித் துணித்துண்டுகளால் ஆனவை கூழின் தன்மையில் சிறந்தவை. ஆயினும், அவற்றுட் பலவற்றில் பசையேற்றம் குறைவு. ஒரு துளி நீரை இட்டுப் பார்த்தால் இது தெரியும். துளி உடனே உறிஞ்சப்பட்டால் பசை போதாது. சிறிது நேரம் முத்தாக நின்று மெல்லப் பரவினால் பசை போதுமானது. பரவாமலே நின்றால் பசை மிகுதி. மிகுதியான பசையும் தீங்கே. கரைசல் இழைக்குள் இறங்காமல் மேலே காய்ந்து, கழுவும்போது நீலம் வழிந்துவிடும்.

5. பசையேற்றம்: நெசவும் கலம்காரியும் தரும் ஒப்புமை

தாள்நூல்களில் வரும் பசையேற்றம் என்னும் கருத்து திருத்தணி வட்டாரத்துக்குப் புதியதன்று. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை முதலிய ஊர்கள் நெசவூர்கள். தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது நெசவுத் தொழிலின் முதன்மையான படிநிலை. கஞ்சி குறைந்தால் நூல் பிசிறடித்து அறும். மிகுந்தால் விறைத்து முறியும். கஞ்சி நூலின் உட்புகுந்து இழைகளைப் பிணைக்கவும் வேண்டும். மேற்பரப்பில் பிசிறை அடக்கவும் வேண்டும். தாளின் பசையேற்றத்துக்கும் இவ்விரு பணிகளே உரியவை. இழைகளுக்கிடையேயுள்ள நுண்குழல்களை ஓரளவு அடைத்துக் கரைசல் ஆழப் புதையாமல் தடுப்பதும், மேற்பரப்பை ஒரு சீராக்குவதும் அவை. ஒரு வேறுபாடும் உண்டு. பாவுக்குப் போட்ட கஞ்சி நெய்து முடிந்தபின் நீக்கத்தக்கது. தாளுக்கு ஏற்றிய பசை படத்துடன் நிலைத்திருக்க வேண்டியது.

மற்றோர் ஒப்புமை இன்னும் நெருக்கமானது. 1960 வரை திருத்தணியுடன் ஒரே மாவட்டத்தில் இருந்த திருக்காளத்தி, கலம்காரித் துணியோவியத்துக்குப் பெயர்பெற்றது. அங்கு ஓவியம் தீட்டுமுன் பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பர். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு, பின்னர் இடும் இரும்புக் கரைசலுடன் சேர்ந்து கருங்கோட்டைத் தருகிறது. துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் ஊறவைத்துப் புளிக்கச்செய்து பெறும் கரைசல் அது. இரும்பு உப்பைக் கொண்டு நிறம் பெறுதல், அதற்குமுன் தளத்தைப் பதப்படுத்துதல் ஆகிய இரண்டிலும் கலம்காரியும் நீல அச்சும் ஒத்தவை. நிறத்தைத் தோற்றுவிப்பது ஒன்றில் துவர்ப்பு, மற்றொன்றில் ஒளி என்பதே வேறுபாடு.

இவ்வொப்புமையை அப்படியே செய்முறையாகக் கொள்ளலாகாது. கடுக்காய்ப் பதமிட்ட தாளில் நீல அச்சுக் கரைசலைப் பூசினால், அதிலுள்ள ஃபெரிக் இரும்பு உடனே கருத்து, வெண்பகுதி கிடைக்காமற்போகும். கடுக்காய்க்கு இடம் உண்டு. ஆனால், அது முடிந்த அச்சை நீலத்திலிருந்து கருமைக்கு மாற்றும் இறுதிப்படியில்தான். முன்பதத்துக்கு மாவுப்பசை அல்லது ஊன்பசை மட்டுமே ஏற்றது.

மாவுப்பசைக்குக் கூவைக்கிழங்கு மாவு சிறந்தது. லிட்டர் நீருக்கு 20 கிராம் மாவைக் குளிர்நீரில் கரைத்து, கொதிநீரில் ஊற்றிக் கிளறி, கண்ணாடிபோல் தெளியும்வரை காய்ச்சி ஆறவைக்க வேண்டும். அகன்ற தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாகப் பூசி உலர்த்த வேண்டும். இப்பசை மங்கலான, இழைநயம் மிக்க அச்சைத் தரும்.

ஊன்பசைக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் ஜெலட்டினைக் குளிர்நீரில் ஊறவைத்து, 50 முதல் 60 பாகை செல்சியசில் கரைத்து, தாளை அதில் தோய்த்து எடுப்பர். இது கூர்மையான கோடுகளைத் தரும். தமிழகக் கோடையில் இதற்கு ஓர் இடர் உண்டு. இறுக்கப்படாத ஜெலட்டின் 30 பாகைக்கு மேற்பட்ட நீரில் இளகத் தொடங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் மேல்நிலைத் தொட்டி நீர் அவ்வெப்பத்தை எளிதில் கடந்துவிடும். கழுவும்போது பசையோடு படமும் நெகிழும். எனவே, ஜெலட்டினுடன் சிறிது படிகாரக் கரைசலைச் சேர்த்து இறுக்குவது இங்கு இன்றியமையாதது. படிகாரம் அமிலத்தன்மை உடையதாதலால் நீலத்துக்கு ஊறு செய்யாது. அளவு மீறினால், காலப்போக்கில் தாளின் வலிமையைக் குறைக்கும். நீலத்துக்கு உகந்ததும் தாளுக்கு உகந்ததும் முற்றிலும் ஒன்றல்ல என்பது இங்கு முதன்முறையாகத் தெரிய வருகிறது.

6. பூச்சுக் கரைசல்

மரபுவழிக் கரைசல் இரு பகுதிகளாக ஆக்கப்படும். முதற்கரைசல், 100 மில்லிலிட்டர் வாலைநீரில் 25 கிராம் பச்சைநிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். இரண்டாம் கரைசல், 100 மில்லிலிட்டர் வாலைநீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. சிட்ரேட்டு பழுப்பு, பச்சை என இரு வடிவங்களில் கிடைக்கும். பச்சை வடிவமே ஒளியுணர்வு மிக்கது. இரண்டையும் தனித்தனிப் பழுப்புக் குப்பிகளில் வைத்து, பூசும் வேளையில் தேவையான அளவு மட்டும் சமமாகக் கலக்க வேண்டும். கலந்த கரைசல் நெடுநேரம் நில்லாது.

முதற்கரைசலில் பூஞ்சை எளிதில் படரும். வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில் இது விரைவில் நிகழும். சிறிய அளவில் ஆக்கிக் கொள்வதும், ஓமவுப்பு எனப்படும் தைமாலைச் சிறிதளவு சேர்ப்பதும் தீர்வுகள். படர்ந்துவிட்டால் வடிகட்டிப் பயன்படுத்தலாம். ஆனால், வலிமை குறைந்திருக்கும்.

1990களில் மைக் வேர் என்னும் ஆங்கில வேதியியலாளர் சிட்ரேட்டுக்கு மாற்றாக அம்மோனியம் இரும்பு ஆக்சலேட்டைக் கொண்டு புதிய கரைசலை வகுத்தார். ஒரே குப்பியில் நெடுநாள் நிற்பதும், இழைக்குள் நன்கு இறங்குவதும், வெயில் நேரம் குறைவதும் அதன் நன்மைகள். ஆனால், அது தாளிலுள்ள சுண்ணாம்பை மரபுக் கரைசலைக் காட்டிலும் பொறுக்காது. கரைசல் மேம்பட மேம்படத் தாளின் தூய்மை குறித்த தேவையும் கூடுகிறது.

7. பூசும் முறை

பூசும் அறை முழு இருளாக இருக்க வேண்டியதில்லை. மஞ்சள்நிற மங்கல் விளக்கு போதும். சன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் விலக்கத்தக்கவை. தாளின் நாற்புறமும் ஒட்டி, படம் அமையவேண்டிய பரப்பை மெல்லிய பென்சில் கோட்டால் குறிக்க வேண்டும்.

தூரிகையில் இரும்பு வளையம் இருத்தல் கூடாது. துருத்துகள் ஃபெரிசயனைடுடன் வினைபுரிந்து நீலப்புள்ளிகளை உண்டாக்கும். தமிழகக் கடைகளில் கிடைக்கும் தூரிகைகளில் பெரும்பாலானவை உலோக வளையம் உடையவை; மூங்கிற்பிடியில் நூலால் கட்டிய அகன்ற தூரிகை ஏற்றது. முதலில் மேலிருந்து கீழாகவும், உடனே இடமிருந்து வலமாகவும் பூசி, இறுதியில் கரைசல் தோய்க்காத தூரிகையால் மெல்லத் தடவிக் குளங்கட்டிய இடங்களைச் சமன்செய்ய வேண்டும்.

கண்ணாடிக் கோல் முறையில் கரைசல் வீணாவது குறைவு. 20 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் உடைய பரப்புக்கு ஏறத்தாழ 2 மில்லிலிட்டர் போதும்; தூரிகைக்கு அதனினும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். கரைசலைத் தாளின் ஓர் ஓரத்தில் கோடாக விட்டு, கோலை அதன்மேல் வைத்து ஒரே சீராக இழுத்து, மீண்டும் தள்ளி நான்கைந்து முறை செலுத்த வேண்டும். இம்முறை பசையேற்றம் சீராக உள்ள தாளிலேயே வெற்றி தரும். பசையில் உள்ள குறைகள் அனைத்தும் கோல் முறையில் பட்டைகளாக வெளிப்பட்டுவிடும்.

நன்கு பூசிய தாள் மஞ்சள்பச்சையாக இருக்கும். உலர்ந்தபின் அது நீலச்சாயலோ சாம்பற்சாயலோ காட்டினால் தாளில் மாசு உண்டு, அல்லது வெளிச்சம் பட்டுவிட்டது எனக் கொள்ளலாம். பூசிய தாளை அன்றே பயன்படுத்துதல் நன்று. கோடையில் விரலின் வியர்வையும் நெற்றி வியர்வையும் தாளில் கறையாகப் பதியும் என்பதால் ஓரங்களை மட்டும் பற்றிக் கையாள வேண்டும்.

8. வெயில், ஈரம், நீர்

திருத்தணி ஏறத்தாழ 13 பாகை வடக்கு அகலக்கோட்டில் அமைந்துள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் ஞாயிறு ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அந்நாள்களில் அச்சுச் சட்டத்தைத் தரையில் கிடையாக வைத்தல் போதும். டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் உயரம் ஏறத்தாழ 53 பாகையாகக் குறைவதால், சட்டத்தைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 37 பாகை சாய்த்தல் வேண்டும். தெளிந்த வானில் நண்பகலை ஒட்டி, மரபுக் கரைசலுக்கு 5 முதல் 15 நிமிடம் தேவைப்படலாம். கடிகாரத்தைக் காட்டிலும் நிறமே நம்பத்தக்க அடையாளம். ஒளிபட்ட பகுதி மஞ்சள்பச்சையிலிருந்து நீலமாகி, இறுதியில் சாம்பல்கலந்த வெண்கலச் சாயலை அடையும்போது எடுக்க வேண்டும்.

உலர்த்தலில் பருவ வேறுபாடு பெரிது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் பூச்சு மிக விரைவாகக் காய்ந்து மேற்பரப்பிலேயே தங்கிவிடும். பூசுமுன் தாளைச் சிறிது நேரம் ஈரக்காற்றில் வைத்துப் பதமாக்குவது இதற்குத் தீர்வு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின்போது தாள் உலராமல் நசநசப்பாக நிற்கும். அந்நிலையில் வெயில் காட்டினால் கரைசல் மூலப்படத்தில் ஒட்டும், வெண்பகுதியும் மங்கும்.

கழுவும் நீரே பலரும் கவனிக்கத் தவறும் கூறு. கடினப்பாறை நிலப்பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பைகார்பனேட்டு மிகுந்து சற்றுக் காரமாக இருப்பது பொதுவான நிலை. தாளைச் சரியாகப் பதப்படுத்தி, சரியாகப் பூசி, இறுதியில் இந்நீரில் நெடுநேரம் கழுவினால் மென்சாயல்கள் கண்முன்னே கரையும். முதல் கழுவலில் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் இவ்விழப்பு தவிர்க்கப்படும். பின் மழைநீரிலோ வாலைநீரிலோ சுருக்கமாக அலச வேண்டும். வெண்பகுதியில் மஞ்சள் நீங்கியதும் நிறுத்திவிட வேண்டும். உலரும்போது காற்றிலுள்ள ஆக்சிசன் பட்டு நீலம் ஒரு நாளில் முழு ஆழம் பெறும்.

9. ஆவணக் காப்புக்கு இச்செய்முறை தரும் பாடங்கள்

பழந்தாள் காப்பில் அமிலமே முதன்மைப் பகையாகக் கருதப்படுகிறது. எனவே, கால்சியம் ஹைட்ராக்சைடு முதலிய காரக் கரைசல்களால் அமிலத்தை நீக்குவதும், கால்சியம் கார்பனேட்டு சேர்த்த உறைகளில் வைப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறிகள். கடிதம், பதிவேடு, அச்சு நூல் ஆகியவற்றுக்கு இவை பொருந்தும். நீல அச்சுக்கு இவை கேடு. முன்னர்க் கூறியவாறு, சுண்ணாம்புள்ள தாளில் பூச்சிட்டால் நேரும் அதே வினை, சுண்ணாம்புள்ள உறையில் வைத்தாலும் மெல்ல நேரும். ஒரே கோப்பில் கடிதங்களும் நீல அச்சுகளும் சேர்ந்திருக்கும்போது, கோப்பு முழுவதையும் ஒரே முறைக்கு உட்படுத்தினால் கடிதங்கள் காக்கப்பட்டு வரைபடங்கள் அழியும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் காப்பு ஆய்வகம், பொருளின் இயைபை அறிந்தபின்னரே காப்பு முறையை முடிவுசெய்யும் மரபுக்கு இந்தியாவில் முன்னோடியாக அமைந்தது. அம்மரபைத் தாள் ஆவணங்களுக்கு நீட்டும்போது பின்வரும் நெறிகள் பெறப்படும்.

முதலாவது, இனங்காணல். நீலப் பின்புலம், வெண்கோடு, மேற்பரப்பில் மினுமினுப்பான படலமின்மை, உருப்பெருக்கியில் இழைக்குள்ளேயே தெரியும் நீலம் ஆகியவை நீல அச்சின் அடையாளங்கள். வெளிர் பின்புலத்தில் நீலக்கோடு அமைந்தவை பெரும்பாலும் டையசோ படிகள். காரச்சொட்டு இட்டுச் சோதிப்பது அச்சை அழிப்பதாகலின் அதனைச் செய்யலாகாது.

இரண்டாவது, பட்டியலிடல். ‘வரைபடம்’ என்று மட்டும் குறிக்காமல், ‘நீல அச்சு’, ‘டையசோ படி’, ‘மை வரைவு’ எனப் பிரித்துக் குறித்தல் வேண்டும். பட்டியலில் உள்ள இவ்வொரு சொல்லே பின்னாளில் காப்பாளரின் கையைத் தடுத்து நிறுத்தும். தமிழில் ‘புளூபிரிண்ட்’ என்னும் சொல் எல்லா வகைப் படிகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டமையால், ஆவணப் பட்டியலில் ‘நீல அச்சு’ என்பதை இரும்பு உப்பு முறைக்கு மட்டும் உரியதாகக் கொள்வது தெளிவு தரும்.

மூன்றாவது, உறையிடல். சுண்ணாம்பு சேர்க்கப்படாத, நடுநிலையான பருத்தித் தாளே ஏற்ற உறை. வேதி ஆவி விடும் டையசோ படிகளோடு சேர்த்து வைத்தல் கூடாது. ஒட்டவேண்டிய இடத்தில் நடுநிலை மாவுப்பசையே போதும்.

நான்காவது, வெளிச்சம். நெடுநேரம் ஒளிபட்டு வெளிறிய நீல அச்சு, இருளில் வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிசனால் பெருமளவு மீளும். இப்பண்பு வேறு பெரும்பாலான ஆவண நிறமிகளுக்கு இல்லை. காரத்தால் நேர்ந்த இழப்போ மீளாது. எனவே, வெளிறிய அச்சைக் கண்டவுடன் மருந்திட முனையாமல், முதலில் இருளில் வைத்துப் பார்த்தல் அறிவுடைமை.

முடிவுரை

நீல அச்சின் செய்முறையில் வேதிக்கரைசலை ஆக்குவது எளிதானது. இரு உப்புகளை அளந்து நீரில் கரைத்தால் போதும். கடினமானது தாளைப் பதப்படுத்துவதே. சுண்ணாம்பு நீக்கிய பருத்தித் தாள், அளவறிந்து ஏற்றிய பசை, இரும்பு படாத தூரிகை, காரம் தணித்த கழுவுநீர் ஆகியவை சேர்ந்தே நிலைத்த நீலத்தைத் தருகின்றன. இவற்றுள் பசையின் அளவறிதல் திருத்தணி வட்டார நெசவாளரும் திருக்காளத்திக் கலம்காரிக் கலைஞரும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் தொழிலறிவாகும். தமிழில் இத்துறையை விளக்குவதற்குத் தேவையான சொற்களில் பலவும் அத்தொழில்களிலேயே உள்ளன.

இச்செய்முறையின் பயன் கலைக்கூடத்தோடு முடிவதில்லை. மாவட்டமும் மாநிலமும் மாறிய ஒரு வட்டாரத்தின் பாலங்களையும் பாதைகளையும் பற்றிய வரைபடச் சான்றுகள் எங்கெங்குக் கிடைப்பினும், அவற்றின் ஆயுள் அவற்றைக் கையாள்பவரின் அறிவைச் சார்ந்தது. வரலாறு, நூலக அறிவியல், ஆவணவியல் மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியாகத் தாமே தாளைப் பதப்படுத்தி, பூசி, கழுவும் வாய்ப்பு அளிக்கப்படுமானால், காரநீரில் நீலம் கரைவதை அவர்கள் நேரிற் காண்பர். நீல அச்சுகளைச் சுண்ணாம்பு உறையில் இடுவதிலிருந்து தடுப்பதற்கு அப்பட்டறிவு சுற்றறிக்கைகளைக் காட்டிலும் துணைசெய்யும்.